கால் காந்துது என்று சொல்லக் கூச்சம்

"அத்தை, ஏன் ஒரு மாதிரி நடக்குறீங்க?" என்று அண்ணன் மகள் கேட்டபோது மணி பன்னிரண்டரை இருக்கும். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஷூ புதுசு" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதி, பதினோரு மணியிலிருந்தே என் இடது குதிகால் காந்திக்கொண்டிருந்தது.

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில். மதுரையிலிருந்து அண்ணன் குடும்பம் லீவுக்கு வந்திருந்தது. நாங்கள், அவர்கள், அம்மா, நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள் என்று பதினொரு பேர் வேன் பிடித்து, சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். எந்தப் பார்க் என்பது வேண்டாம். என் குதிகாலுக்கு அவர்கள் பொறுப்பில்லை. "தலைக்கு இவ்வளவு குடுத்திருக்கோம், ஒண்ணு விடாம ஏறிடணும்" என்பது அண்ணனின் கொள்கை. அந்தக் கொள்கையில் பெஞ்சுக்கு இடம் கிடையாது.

ஷூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தள்ளுபடியில் வாங்கியது. வெள்ளை நிறம். போட்டோவில் நன்றாக விழும் என்றுதான் வாங்கினேன். "ஒரு வாரம் போட்டுப் பழகிட்டு அப்புறம் போட்டுட்டுப் போ" என்று வீட்டுக்காரர் சொன்னார். ஹாலில் டைல்ஸ் தரையில் நாலு நடை நடந்து காட்டினேன். கடிக்கவில்லை. டைல்ஸில் நாலு நடைக்கு எந்த ஷூவும் கடிக்காது.

என் பாட்டி இருந்திருந்தால் ஷூவின் ஓரத்தை ஒரு கடி கடிக்கச் சொல்லியிருப்பாள். நாம் முதலில் கடித்துவிட்டால் புதுச் செருப்பு நம்மைக் கடிக்காதாம். சின்ன வயதில் நிஜமாகவே கடித்திருக்கிறேன். புதுத் தோலின் அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. நான் கடித்து முடித்ததும் பாட்டி அதை வாங்கி, வாரிலும் ஓரத்திலும் தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க வைப்பாள். வேலை செய்தது எண்ணெய், பெயர் வாங்கியது என் பல்.

சரி, பன்னிரண்டரை மணி. சாப்பாட்டு இடத்தில் ஷூவைக் கழற்றினால், குதிகாலின் பின்பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். முதலுதவி அறையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். வியர்வையில் பத்தே நிமிடத்தில் அது சாக்ஸுக்குள் சுருண்டு பந்தாகி, கொப்புளத்துக்குக் கீழே இன்னொரு கொப்புளத்துக்கு வழி செய்தது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீருக்குள் போனால் சரியாகிவிடும் என்று அலைக்குளத்தில் இரண்டு மணி நேரம் ஊறினேன். வெளியே வந்தபோது தோல் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது. சொரசொரத் தரையில் நாலு எட்டு வைத்ததும் கழன்று வந்துவிட்டது. சாயங்காலம் வேனுக்கு நடந்த தூரம் இருநூறு அடி இருக்கலாம். ஒவ்வோர் அடியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஐந்து நாள் வீட்டுக்காரரின் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அந்த ஐந்து நாளில்தான் இந்தச் செருப்புக்கடி என்பது என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

நான் நினைத்திருந்தது, ஷூ தோலின் மேல் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறது என்று. அப்படித் தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளத்தின் கதை வேறு. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது கை ஆள்காட்டி விரலை இடது புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரலும் தோலும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே போகும், உள்ளே எலும்பு மட்டும் அப்படியே நிற்கும். நடக்கும்போது குதிகாலில் இதுவேதான் நடக்கிறது. மேல்தோல் சாக்ஸோடும் ஷூவோடும் ஒட்டி நிற்கிறது, எலும்பு உள்ளே முன்னும் பின்னும் போகிறது, நடுவில் இருக்கும் தோல் இழுபடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டால் மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் விட்டுப்போகும். அந்த இடைவெளியில் நீர் ஊறும். எண்ணெயில் போட்ட பூரி இரண்டாகப் பிரிந்து உப்புகிறதே, அதேதான். அங்கே ஆவி, இங்கே நீர். தோல் தடித்து இறுக்கமாக இருக்கும் உள்ளங்காலிலும் குதிகாலிலும் உள்ளங்கையிலும் இது வருவதற்குக் காரணமும் அதுதான். மெல்லிய தோல் இருக்கும் இடங்களில் கொப்புளம் கட்டுவதற்கு முன்பே உரிந்துவிடும்.

ஆக, எதிரி தேய்வது இல்லை, ஒட்டுவது. இது புரிந்ததும் சென்னையின் பங்கும் புரிந்துவிட்டது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கேஷ் கவுன்டரில் உட்கார்கிறேன். மேஜையில் வட்டமாக ஒரு ஸ்பாஞ்ச் டப்பா எப்போதும் இருக்கும். நோட்டு எண்ணும்போது விரலை அதில் தொட்டுக்கொள்வோம். காய்ந்த விரலில் நோட்டு வழுக்கும், ஈர விரலில் பிடிக்கும். இருபது வருடமாகத் தினமும் செய்கிற வேலை, காலுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை. காய்ந்த தோலைவிட ஈரத்தோலுக்குப் பிடிமானம் அதிகம். மே மாதச் சென்னையில், மூடிய ஷூவுக்குள், பருத்தி சாக்ஸில் இருக்கும் கால் என்பது நாள் முழுக்க ஸ்பாஞ்சில் தொட்டு வைத்த விரல்.

பருத்தி என்றதும் கோபப்படுவீர்கள். எனக்கும் வந்தது. வெயிலுக்குப் பருத்திதான் நல்லது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள், துணிக்கு அது சரியும்கூட. ஆனால் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஷூவுக்குள் அது காய வழியில்லை. அக்ரிலிக், பாலியெஸ்டர் மாதிரி இழைகள் வியர்வையை வெளிப்பக்கம் தள்ளும், ஈரமானாலும் சுருங்கிக் கசங்காது. ரங்கநாதன் தெருவில் மூன்று ஜோடி நூறு ரூபாய் என்று கூவி விற்கும் சாக்ஸை நான் இப்போது வீட்டுத் தரை துடைக்கத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தீம் பார்க்கில் நாம் நடப்பதாக நினைக்கிறோம், பாதி நேரம் நிற்கிறோம். வரிசையில் நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும், ரத்தமும் நீரும் பாதத்தில் இறங்கித் தேங்கும், கால் வீங்கும். காலையில் பொருத்தமாக இருந்த ஷூ மூன்று மணிக்கு இறுக்குவது அதனால்தான். இதை எழுதும்போது ஈ.சி.ஆர். வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில் சிலை மாதிரி அசையாமல் நிற்கும் மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். சின்ன வயதில் அவர் முன்னால் நின்று கோணங்கித்தனம் எல்லாம் செய்து சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறோம். மீசைகூட அசையாது. அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தோமே தவிர, அந்தக் கால்கள் சாயங்காலம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், முதலில் மருந்துக்கடை. "அண்ணா, பேப்பர் பிளாஸ்திரி ஒண்ணு குடுங்க" என்றால் மைக்ரோபோர் என்கிற மெல்லிய வெள்ளை டேப்பை எடுத்துக் கொடுப்பார்கள், ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, அது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், பல நாள் ஓடும் 155 மைல் போட்டிகளில் கலந்துகொண்ட 128 பேரின் கால்களில் இதைச் சோதித்து 2016ல் எழுதியிருக்கிறார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்ததாம். அவ்வளவு மலிவான பொருள், மூலையில் கிடக்கிறது. காலையில் கால் காய்ந்திருக்கும்போது, குதிகால் பின்பக்கம், சுண்டுவிரல் ஓரம், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு, இந்த மூன்று இடத்திலும் சுருக்கம் விழாமல் ஒட்டிக்கொள்கிறேன். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாக்ஸ் மூலையைப் பிடித்து உரித்துவிடும். கொப்புளம் வந்த பிறகு அதன்மேல் நேராக ஒட்டக் கூடாது, எடுக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும்.

வாசலின் தடவலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். தடவலாம். ஆரம்பத்தில் நன்றாக வழுக்கும், ஆனால் சில மணி நேரத்தில் தோல் ஊறிப்போய் முன்னைவிட அதிகமாகப் பிடிக்க ஆரம்பிக்கும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். மேலும் வாசலின் தடவிய இடத்தில் டேப் நிற்காது, இரண்டில் ஒன்றுதான். பவுடர் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் வியர்வையில் அது அரைமணி நேரத்தில் கோலமாவு பிசைந்த மாதிரி ஆகிவிடுகிறது. வியர்வையை நிறுத்தும் மருந்தைக் காலில் பூசிப் பார்த்த சோதனையும் உண்டு. 1998ல் வெளியானது அது, அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களை 21 கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள். பூசாதவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கொப்புளம், பூசியவர்களில் 21 சதவீதம்தான். ஆனால் பூசியவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சல். அந்தப் பேரம் எனக்கு வேண்டாம்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அது. எந்தச் சாக்ஸோடு போடப்போகிறோமோ அதையும் கையோடு கொண்டுபோய், முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று நின்றபடி பார்க்க வேண்டும். பெரிய கால் எதுவோ அதற்குத்தான் அளவு. இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். ஸ்போர்ட்ஸ் ஷூவில் கணுக்கால் பக்கம் மேலே கடைசியாக ஓர் ஓட்டை சும்மா இருக்கும், பார்த்திருப்பீர்கள். லேஸை அதன் வழியாக உள்ளே விட்டு ஒரு சின்னக் காது மாதிரி செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்தக் காதுக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் தூக்கித் தூக்கி அடிக்காது. நாற்பத்தொரு வயதுவரை அந்த ஓட்டை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எந்தக் குறிப்பிலும் இது இல்லை, எழுதியவர்கள் யாரும் மெட்டி போடாதவர்களாக இருக்க வேண்டும். மூடிய ஷூவுக்குள் மெட்டி கட்டைவிரலின் உள்பக்கத்தை அறுக்கும். கொலுசு ஷூவின் பின் விளிம்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முத்து முத்தாகப் பதிந்துவிடும். கொலுசைக் கழற்றிவிடலாம். மெட்டியைக் கழற்று என்றால் எங்கள் வீட்டில் அம்மாவின் முகம் மாறும். அதனால் மெட்டியின் மேலேயே பேப்பர் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். இல்லையென்றால் பின் வார் வைத்த சாண்டலும், ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் போடும் அந்தக் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸும். பார்க்க அழகில்லை, ஆனால் விரலிடுக்கில் வார் அறுக்காது.

தண்ணீர் விளையாட்டு இருக்கும் இடமென்றால் வரிசைதான் முக்கியம். காய்ந்த ராட்டினங்கள் எல்லாம் முதலில், தண்ணீர் கடைசியில். எங்கள் கூட்டம் அன்று குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை மாறி மாறிப் போனது. ஊறிய காலை மறுபடி ஷூவுக்குள் திணித்து நடந்தால் டேப்பாவது ஒன்றாவது. ஒரு சின்னத் துண்டு, இன்னொரு ஜோடி சாக்ஸ், ஒரு சாண்டல் இவற்றை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் காலணியை மாற்றினாலே அழுத்தம் விழும் இடங்கள் மாறிவிடும், காலுக்கு அது பாதி ஓய்வு. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து என் மகள் அரித்துக்கொண்டிருக்கிறாள். போவோம், இந்தப் பையோடு.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பெருமையாக இருந்தேன். ஆகஸ்டில் எங்கள் மாடி வீட்டு அக்கா அதைக் கலைத்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் அவர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னால் காவி உடுத்திய கூட்டம் ஈ.சி.ஆர். ஓரமாக, மாதா சுரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் பாதி நாளில் நொண்டுகிற தீம் பார்க் வாசல்களைக் கடந்துதான் அவர்கள் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கும்.

"எப்படிக்கா முடியுது?" என்று கேட்டேன். ஏதோ தைலத்தின் பெயர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பழைய செருப்பு. புதுசு வாங்குறதா இருந்தா ஆனி மாசமே வாங்கிடுவேன், மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போட்டுப் போட்டு அது என் கால் மாதிரி ஆயிடும். அப்புறம் என்ன, காந்துச்சுன்னா உக்காந்துடுவேன்."

"கூட வர்றவங்க?"

"போகட்டுமே. முதல் வருஷம் நானும் வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம நடந்தேன். பாண்டிச்சேரியில ஆஸ்பத்திரி, அங்கேயிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு. இப்ப நான் உக்காந்து உக்காந்துதான் வருவேன்னு மாதாவுக்கே தெரியும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குப் பதினோரு மணிக்கே என் கால் சொல்லிவிட்டதே. கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சூடாகும், காந்தும், கழற்றிப் பார்த்தால் சிவந்திருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு டேப்பை ஒட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் கேட்கவில்லை. குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள், அண்ணன் அடுத்த வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தான், அண்ணி வேறு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவள். எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது நடுவில் நான் ஏன், என்று இருந்துவிட்டேன். ஷூ என்னைக் கடித்தது பாதி, இந்த மரியாதை கடித்தது பாதி.

இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அந்த மே மாத ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு முனகினேன். அம்மா வெந்நீர் வைத்து எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து என் காலைத் துடைத்துவிட்டாள். "கல்யாணமாகி பதினாறு வருஷமாச்சு, இன்னும் செருப்பு போடத் தெரியல இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே. துடைத்து முடித்து, கையை ஊன்றி எழுந்திருக்கும்போது அவள் வலது உள்ளங்கால் எனக்குத் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து, தோல் மடிந்து, சுற்றிலும் அழுக்கு அப்பியிருந்தது. என்னுடையதைவிடப் பெரிசு.

"அம்மா, கால் என்ன இது?"

"எது?" என்றாள். காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வந்துச்சு? வலிக்கலையே!"

அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. அவள் ரப்பர் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். கூழாங்கல் ஒன்று விழுந்தது, கொத்துக்கடலை அளவு. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறாள்.

என் புண் ஐந்து நாளில் மூடியது. அவளுடையது ஏழு வாரம். டாக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அங்கங்கே வைத்து வளைகிறவரை அழுத்தினார். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. தொடும்போதெல்லாம் "ஆமா" சொல்ல வேண்டும். அம்மா நல்ல மாணவி மாதிரி காத்துக்கொண்டிருந்தாள். நாலு இடத்தில் அவர் தொட்டுவிட்டு எடுத்த பிறகும் காத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் பழக்கம், விரலிடுக்கில் வார் இல்லாமல் பின்னால் வார் வைத்துக் கொஞ்சம் தடியாக இருக்கும். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோசெல்லுலார் ரப்பர். அது காலுக்கு வந்த கதை நம் பக்கத்துக் கதை. கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் பார்த்துப் பார்த்துக் கண்டது வேறு. உணர்ச்சி போன கை கால்களுக்குச் சூடும் கல்லும் அழுத்தமும் தெரிவதில்லை, தெரியாத காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன. அந்தக் கால்களுக்காக வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் நடந்த செருப்பு வேலைகளில்தான் இந்த ரப்பர் இடம்பிடித்தது. இன்று அதையே சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

பிராண்ட் கவனித்த இன்னொரு விஷயத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உணர்ச்சி இருக்கிறவன் நெடுந்தூரம் நடந்தால், தனக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பான். ஓரிடம் வலிக்க ஆரம்பித்ததும் எடை வேறு பக்கம் போகும், கடைசியில் நொண்டுவான். உணர்ச்சி இல்லாதவன் முதல் மைல் நடந்த மாதிரியே கடைசி மைலும் நடப்பான், ஒரே இடத்தில் மிதித்து மிதித்து. அன்றைக்கு நான் நொண்டியதை அண்ணன் மகள் பார்த்துக் கேட்டாள். என் பக்கத்தில் நிமிர்ந்து நடந்து வந்த அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "பாட்டியப் பாரு, இந்த வயசுல எப்படி நடக்குது" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கொப்புளம் வந்தே விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். அந்த மேல்தோலைவிட நல்ல கட்டு கிடையாது, கீழே புதுத்தோல் தயாரானதும் அது தானே காய்ந்து உதிரும். பெரிதாக உப்பி நடக்கவே முடியவில்லை என்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே படியவிட்டு, மருந்து தடவி மூடிவைக்கலாம். சர்க்கரை இருப்பவர்கள் அந்த ஊசியைக் கையில் எடுக்கவே கூடாது, நேராக டாக்டர்தான். காபித்தூள், மஞ்சள், பேஸ்ட் எல்லாம் அடுக்களையிலும் குளியலறையிலும் இருக்கட்டும். சுற்றிலும் சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல் இவை வந்தால் யாராக இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். 1924ல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் சாக்ஸ் போடாமல் வெள்ளை மாளிகையில் டென்னிஸ் ஆடினான், கால்விரலில் கொப்புளம். ஜூன் 30ல் ஆட்டம், ரத்தத்தில் கிருமி பரவி ஜூலை 7ல் இறந்துபோனான். பெனிசிலின் கண்டுபிடித்தது அதற்கு நாலு வருடம் கழித்து. நமக்கு இன்று மருந்து இருக்கிறது, சரி. ஆனால் அதைச் சாப்பிட முதலில் காலைப் பார்க்க வேண்டுமே.

இந்தப் பொங்கல் லீவுக்கு அண்ணன் குடும்பம் மறுபடி வந்தது. காணும் பொங்கல் கூட்டத்துக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம். 602 ஹெக்டேர், நடந்தால் முடியாது, அம்மாவைப் பேட்டரி காரில் ஏற்று என்றேன். "யானையெல்லாம் ஓடுற வண்டியிலேருந்து பாக்குறதா?" என்று மறுத்துவிட்டாள். எம்.சி.ஆர். செருப்போடு நடந்தாள். கிளம்பும்போது செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்த்தது அண்ணன் மகள். அது இப்போது அவள் வேலை.

பதினொன்றே கால் இருக்கும், வலது சுண்டுவிரல் காந்த ஆரம்பித்தது. பழைய ஷூ, நல்ல சாக்ஸ், டேப், எல்லாம் இருந்தும்தான். அண்ணன் சிங்கம் பார்க்கும் வரிசையை நோக்கி முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"கால் காந்துது. நான் உக்காரப் போறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். மரத்தடியில் ஒரு சிமென்ட் திட்டு இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், சொல்லாமலேயே இரண்டு காலையும் பேத்தி மடியில் தூக்கி வைத்தாள். பேத்தி போன் டார்ச்சை அடித்து விரல் விரலாகப் பார்த்தாள். அண்ணி பெருமூச்சு விட்டபடி செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அண்ணன் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். "என்ன இது, வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல..."

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திட்டின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தான். ஒரு ஷூவைக் கழற்றினான். பிறகு சாக்ஸை. குதிகாலில் ஒன்று, கட்டைவிரலில் ஒன்று, இரண்டும் நன்றாகவே உப்பியிருந்தன.

"இது எப்பண்ணே?" என்றேன்.

"நேத்து மாமல்லபுரத்துல" என்றான். "அந்த டேப்ப இப்படிக் குடு."